மீன் வாயில் கண்ட காசு

சென்ற தவக்காலத்தில் ஒருநாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்பிய எங்கள் மகள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டு, “அம்மா, என்னைக் காசு கொடுத்து வாங்கினீங்களா?” என்று கேட்டாள். உடன் பயிலும் பிள்ளை ஒன்று வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வந்து அவளிடம் சொல்லியிருக்கிறது. அவள் எங்கள் வயிற்றில் பிறந்தவள் அல்லள் என்பதை நாங்கள் மறைத்ததில்லை. நினைவு தெரிந்த நாள்முதல் அதை ஒரு கதையைப்போல் சொல்லியே வளர்த்தோம். ஆனால் காசைப் பற்றி அவளிடம் என்றும் பேசியதில்லை. அன்றிரவு செபமாலை முடிந்தபின் அவளை நடுவில் அமர்த்திக்கொண்டு நாங்கள் சொன்னவற்றையே, பிள்ளையில்லாக் கவலையோடு இப்பக்கங்களைப் புரட்டும் தம்பதியர் எவருக்கேனும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் இங்கே எழுதத் துணிகிறோம்.

நாங்கள் இராயபுரத்தார். இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த புனித பேதுருவின் பெயரையே எங்கள் ஊர் தாங்கி நிற்கிறது. படகோட்டிகளும் மீனவரும் வாழ்ந்த கடலோரக் குடியிருப்பில் எழுந்த அவருடைய ஆலயமே எங்கள் பங்கு ஆலயம். எங்களுள் ஒருவருக்குத் திருவொற்றியூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. எண்ணூர்ப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறு உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. மற்றவர் வீட்டிலேயே தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர். எங்கள் திருமணம் 2006-இல் நடந்தது. பத்தாண்டுகள் மருந்தும் மாத்திரையும் நேர்ச்சைகளுமாய்க் கழிந்தன. அதன் முடிவில் எங்களிடம் எஞ்சியது, அடகுக் கடையில் மூழ்கிப்போன நகையின் இரசீதும், வட்டிக் கடனுமே.

தத்தெடுக்கலாம் என்னும் பேச்சு எழுந்தபோது எங்கள் குடும்பத்து மூத்தோர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியப்பா ஒருவர் 1970-களில் அநாதைப் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக் கண்ணின் மணியாக வளர்த்தார். ஆனால் 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கே உரியது. கிறிஸ்தவரும் இசுலாமியரும் 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி ‘காப்பாளர்’ ஆகலாமேயன்றிப் பெற்றோர் ஆக இயலாது. எல்லாச் சமயத்தாருக்குமான மசோதா ஒன்று 1972-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டு 1978-இல் கைவிடப்பட்டது. 1980-இல் மீண்டும் எடுத்த முயற்சியும் நிறைவேறவில்லை. ஆகவே பெரியப்பா எந்தப் படிவத்திலும் ‘மகள்’ என்று எழுத முடியாமல் ‘வளர்ப்புக்குரியவள்’ என்றே எழுதினார். அவர் இறந்தபின் அந்த அக்காள் தம் பங்கைக் கேட்கவும் உரிமையின்றி நின்றதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அந்நிலை பின்னர் மாறிற்று. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் சமய வேறுபாடின்றி எவரும் தத்தெடுக்க வழி திறந்தன. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. நம் திருச்சபையோ இதில் முன்னரே தெளிவாய் இருந்தது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளே எனக் கருதப்படுவர் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 110-ஆம் எண்ணில் கூறுகிறது. பங்குத் தந்தை இதை எடுத்துச் சொன்ன நாளில்தான் எங்களுக்கு நெஞ்சுரம் பிறந்தது.

2017 மார்ச்சில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் கணினி வழியாகப் பதிவு செய்தோம். திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, எங்களை அறிந்தோர் இருவரின் பரிந்துரைக் கடிதங்கள் என ஒவ்வொன்றாய்ச் சேர்த்தோம். சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, எங்கள் ஒற்றை அறையையும் அடுக்களையையும் பார்த்து, நெடுநேரம் பேசிச் சென்றார். அந்த வீட்டாய்வுக்குக் கட்டணம் 6,000 ரூபாய். குழந்தை கைக்கு வரும் வேளையில் இல்லத்தின் குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000 ரூபாய் செலுத்த வேண்டும். அதன்பின் ஈராண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பார்வையிடலுக்கு 2,000 ரூபாய் வீதம். அந்நாளைய விதி அது. வசதியுள்ளோர்க்கு இஃது ஒரு தொகையன்று. கடனில் மூழ்கியிருந்த எங்களுக்கோ அது மலையாய்த் தோன்றிற்று. ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை எடுத்து, அதன்மேல் சூசையப்பர் படத்தை ஒட்டி, மிஞ்சியதைப் போடத் தொடங்கினோம்.

காத்திருப்பு நீண்டது. ஓராண்டு சென்றது; ஒன்றரை ஆண்டும் சென்றது. அப்போதுதான் சோதனை வந்தது. தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்த பெண்மணி, தாழ்ந்த குரலில் ஒரு செய்தி சொன்னார். ஒரு மருத்துவ மனையில் பிறக்கவிருக்கும் குழந்தையை அன்றே பெற்றுக்கொள்ளலாமாம்; பிறப்புச் சான்றிதழிலும் நேராக எங்கள் பெயரே இருக்குமாம். விலை இரண்டு இலட்சம்; அதையும் தவணையில் தரலாமாம். “வருஷக் கணக்கில் காத்திருந்து என்ன கண்டீர்கள்?” என்றார்.

மறைப்பதற்கில்லை, அன்றிரவு நாங்கள் தடுமாறினோம். ‘இதுவே இறைவன் திறக்கும் கதவாக இருந்தால்?’ என்றுகூட எண்ணினோம். ஆசை எவ்வளவு எளிதாய்ச் செபத்தின் குரலில் பேசிவிடுகிறது! மறுநாள் எங்கள் வீட்டாய்வுக்கு வந்த சமூகப் பணியாளரிடம் பெயர் ஏதும் குறிப்பிடாமல் பொதுவாகக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: “பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்குச் சட்டம் அறுபது நாள் கொடுக்கிறது. அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெறலாம். விலை பேசுகிறவர்கள் அந்தத் தாய்க்கு ஒரு நாளாவது கொடுப்பார்களா?”

எங்களுக்கு நா எழவில்லை. பத்தாண்டாய் எங்கள் கண்ணீரையே எண்ணியிருந்த நாங்கள், எங்கோ ஒரு பெண் பால் கட்டிய மார்போடு அந்த அறுபது நாளையும் கடந்து வருவாள் என்பதை ஒருகணமும் எண்ணியதில்லை. கைவிடப்பட்டுக் கிடைத்த குழந்தையானாலும், பெற்றோரைத் தேடிப் பார்த்த பின்னரே அது தத்துக்குரியதென அறிவிக்கப்படும். எங்கள் காத்திருப்பின் ஒரு பகுதி, உண்மையில், ஒரு தாய்க்கென விட்டுவைக்கப்பட்ட நாட்களே. அன்றுமுதல் எங்கள் செபமாலையில் பெயரறியா அந்தத் தாய்க்காகவும் ஒரு பத்து மணி சேர்ந்தது. தரகுப் பெண்மணிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பினோம். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தைகளை விற்ற செய்தி வெளியாகி, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கைதானபோது தமிழகமே அதிர்ந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நாங்கள் இருவரும் முழந்தாளிட்டோம். அந்தப் பள்ளத்தின் விளிம்புவரை சென்று திரும்பியவர்கள் அல்லவா!

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அழைப்பு வந்தது. வேறொரு மாவட்டத்து இல்லத்தில் பதினான்கு மாதப் பெண் குழந்தை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எங்களுக்கென உறுதிசெய்து, இருபது நாட்களுக்குள் நேரில் சென்று பார்த்து ஏற்க வேண்டும். கணினித் திரையில் அந்த முகத்தைக் கண்டதும் உறுதிசெய்துவிட்டோம். பிறகே தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்தது 11,000 ரூபாய்.

காலமோ பொல்லாதது. அவ்வாண்டு நாடெங்கும் வாகன விற்பனை சரிந்திருந்தது. லாரி உறுப்புகள் கடையும் எங்கள் பட்டறையில் மிகைநேர வேலை நின்று, வாரத்தில் மூன்று நாளே வேலை நடந்தது. நாங்களோ எவரிடமும் வாய் திறக்கவில்லை. ‘இறைவன் தருவார்’ என்று சொல்லிக்கொண்டு இரவுதோறும் செபித்தோம். ஒரு வாரம் சென்றது, ஒன்றும் வரவில்லை.

பங்குத் தந்தையிடம் சென்று, “சுவாமி, எங்கள் விசுவாசம் குறைவா?” என்று கேட்டோம்.

“யார் யாரிடம் சொன்னீர்கள்?” என்றார்.

“ஆண்டவரிடம் மட்டும், சுவாமி.”

“அவர் கேட்டுவிட்டார். இனி அண்டை வீட்டாரிடம் சொல்லுங்கள்” என்று நகைத்தார். பிறகு, எங்கள் ஊர்க் காவலரான இராயப்பரின் கதையையே நினைவூட்டினார். ஆலய வரி கேட்டு வந்தபோது ஆண்டவர் வானத்திலிருந்து காசை விழச் செய்யவில்லை. மீனவரான இராயப்பரைக் கடலுக்கே அனுப்பித் தூண்டில் போடச் சொன்னார். முதலில் அகப்படும் மீனின் வாயில் இருவருக்கும் போதிய ஒரு நாணயம் இருக்கும் என்றார். “கவனித்தீர்களா? அது சட்டப்படி செலுத்தவேண்டிய தொகை. அதற்கான வழியும் அவர் அறிந்த தொழிலே. தூண்டிலைப் போடாமல் கரையில் அமர்ந்திருப்பது நம்பிக்கையன்று. கேட்க வெட்கப்படுவதும் நம்பிக்கையன்று, அது செருக்கு” என்றார் சுவாமி.

அந்தச் சொல் சுட்டது, ஆனால் உண்மை. கையேந்துவதற்குக் கூசிய எங்கள் மானத்தைத்தான் விசுவாசம் என்று பெயரிட்டு வைத்திருந்தோம்.

தூண்டிலைப் போட்டோம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் காவி உடை தைக்கக் கொடுக்கும் மாதம் அது. இரவு இரண்டு மணிவரை இயந்திரம் ஓடியது. 7,000 ரூபாய் சேர்ந்தது. பழைய இருசக்கர வண்டியை 14,000 ரூபாய்க்கு விற்றோம்; பட்டறைக்குப் பேருந்தில் போனால் ஆயிற்று. இன்னும் 8,000 குறைந்தது. அந்த வார அன்பியக் கூட்டத்தில், தலை குனிந்தபடி, எங்களுக்கு ஒரு மகள் வரவிருப்பதையும் எங்கள் தேவையையும் சொன்னோம்.

மறுநாள் விடியற்காலையில் கதவு தட்டப்பட்டது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாய் விற்கும் ஆயா கூடையோடு நின்றார். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியபோது, மீனை வாங்க ஆளின்றி அவர் வாடியிருந்த நாட்களை நாங்கள் அறிவோம். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். சீட்டு எடுத்த பணம். நாங்கள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம்.

“ஆயா, இதை எப்படித் திருப்பித் தருவோம்?”

“திருப்பித் தர்றதுக்கு இது கடனா? பேத்தி வீட்டுக்கு வரா. சீர் செய்ய வேணாமா?” என்றார் அவர்.

அந்த நோட்டுகளில் மீன் மணந்தது. இராயப்பர் கண்ட நாணயமும் இப்படித்தான் மணந்திருக்கும் என்று எண்ணியபோது எங்கள் கண்கள் நிறைந்தன. அன்பியத்துக் குடும்பங்கள் ஐம்பதும் நூறுமாய்க் கொடுத்தது 3,400 ரூபாய். தேவைக்குமேல் நானூறு, பேருந்துக் கட்டணத்துக்கு அது உதவியது. அனைத்தையும் வங்கியில் செலுத்தி வரைவோலையாக மாற்றினோம்.

செப்டம்பரில், மாதாவின் பிறந்தநாள் கழிந்த வாரத்தில், இல்லத்துக்குச் சென்றோம். வரைவோலையைப் பெற்றுக்கொண்டு இரசீது எழுதிய பொறுப்பாளர், “இது உங்கள் பிள்ளைக்கான விலை அல்ல. அவள் விட்டுச்செல்லும் தொட்டிலில் நாளை வந்து படுக்கும் பிள்ளைக்குப் பாலும் மருந்தும் இது” என்றார். அவர் தூக்கி வந்த குழந்தை எங்களைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். ஒரு மணி நேரம் அழுதபின், களைத்து, தோளில் உறங்கிப்போனாள். அந்தத் தோளை அன்று முழுதும் அசைக்கவில்லை.

நீதிமன்ற ஆணையும், எங்கள் பெயர் தாங்கிய பிறப்புச் சான்றிதழும் பின்னர் வந்தன. இராயப்பர் ஆலயத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் என்னுமிடத்தில் எங்கள் பெயர்கள் எழுதப்பட்டபோது, ‘மகள்’ என்று எழுதக் கொடுத்துவைக்காத பெரியப்பாவை நினைத்துக்கொண்டோம். ஞானத்தாயாய் நின்றவர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ? மீன்கூடையைக் கோயில் வாசலில் வைத்துவிட்டு வந்த ஆயாவே.

தத்தெடுக்க எண்ணும் அன்பு வாசகர்களுக்கு இரண்டு சொற்கள். முதலாவது, ஆணையத்தின் வழியன்றி வேறு வழி நாடாதீர்கள்; இரசீது தராத இடத்தில் ஒரு காசும் கொடாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் அபராதமும் தரத்தக்க குற்றம். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்கு மாற்றாக மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு ஆணையை வழங்குகிறார். இரண்டாவது, உங்கள் தேவையை ஆண்டவரிடம் சொல்லும் அதே வாயால் அயலாரிடமும் சொல்லுங்கள். இறைவனின் பராமரிப்பு பெரும்பாலும் அயலாரின் கைகள் வழியாகவே வந்து சேர்கிறது.

அன்றிரவு இவற்றையெல்லாம் கேட்ட எங்கள் மகளிடம், தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த இரசீதை எடுத்துக் காட்டினோம். எழுத்துக் கூட்டிப் படித்தாள். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “அந்தத் தொட்டிலில் இப்போ யாரு படுத்திருக்காங்க?” என்று கேட்டாள்.

எங்களுக்குத் தெரியவில்லை. அன்றுமுதல், அந்தப் பெயரறியா தாய்க்காக நாங்கள் சொல்லிவரும் பத்து மணியை அடுத்து, பெயரறியா அந்தக் குழந்தைக்காக அவள் தன் குரலில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவருகிறாள்.