நின்று கெட்ட எஞ்சின்

பல்லேகலையில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஒக்டோபர் மழை இறங்கிவிட்டால் இரண்டு கிழமைக்குள் முற்றம் காடாகிவிடும். ஆனால் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் புல்லைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஜூன் முடிவில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. அதன்பின் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதில் புல்வெட்டும் மெஷினுக்கு எதை ஊற்றுவது? அடியில் மிச்சமிருந்த கொஞ்சப் பெற்றோலோடு அது கொட்டிலில் ஒதுங்கியது.

மறு வருடம் வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தால் மூச்சே இல்லை.

பார்க்க வந்தவன் என் பழைய மாணவன். கொரோனாவுக்குப் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில் திகனப் பக்கம் ஒரு கராஜில் கையாளாகச் சேர்ந்தவன், திறந்த பிறகும் பத்தாம் தரத்துக்குத் திரும்பவில்லை.

முதலில் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கினான். "பிளேட் பக்கம் கை போகுதெண்டா இதுதான் முதல் வேலை, சேர்." பிளக்கின் கரியைத் துடைத்து இடைவெளியைப் பார்த்தான், முக்கால் மில்லிமீற்றர் அளவு. பொறி நன்றாகவே பறந்தது. காற்று வடிகட்டியும் சுத்தம். "அப்ப பெற்றோல்தான்" என்றான்.

காபரேற்றரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பிசின் போல மஞ்சள் படிவு. பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகி, ஜெட்டின் நுண்துவாரத்தை அடைத்திருந்தது. கம்பியால் குத்த அவன் விடவில்லை. துவாரம் பெருத்தால் பெற்றோல் அளவு மாறிவிடுமாம். கிளீனர் அடித்து ஊதி, புதுப் பெற்றோல் ஊற்றினான். மூன்றாம் இழுவையில் பிடித்தது.

"ஓடிக் கெட்டது குறைவு சேர். நிண்டு கெட்டதுதான் கராஜுக்கு நிறைய வருது."

நாலடிப்பு எஞ்சினை வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறியவன் நான். அவன் பின்வரிசையில் இருந்தான். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இங்கேயோ ஒவ்வொரு பாகமாகச் சோதித்து, ஒரு காரணத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறான். விஞ்ஞானம் என்று நான் படிப்பிக்க விரும்பியதும் இதைத்தானே.

சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம் என்று சொன்னேன். "கணக்கு மறந்துபோச்சே, சேர்" என்று கையைத் துடைத்தான். ஞாயிறு பின்னேரம் வரச் சொன்னேன்.

நான்கு ஞாயிறு வந்தான். ஐந்தாவது ஞாயிறு கராஜில் அவசர வேலையென்று வரவில்லை. அடுத்த ஞாயிறு, பின்னக் கணக்கில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.