எண்ணாததை எழுதாதே, பாப்பா

எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார்கள். வார்டில் 36 வருஷம் நின்றவள் நான். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு 22 வயது. நைட் டியூட்டி. ஷீட்டில் நாடி, டெம்பரேச்சர், பி.பி. எழுதியாயிற்று, கடைசிக் கட்டம் மூச்சு. எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோருக்கும் 20 என்று போட்டிருந்தார்கள். நானும் 20 போட்டுக்கொண்டே போனேன். ஒருவருடைய நெஞ்சையும் நின்று பார்க்கவில்லை. விடிகாலையில் வந்த டாக்டர், ஜன்னலோரக் கட்டிலில் நிமோனியாவோடு கிடந்த பெரியவரின் போர்வையை விலக்கி, வாட்சைப் பார்த்து எண்ணினார். 36. ஷீட்டில் என் கையெழுத்தில் 20. அவர் திட்டவில்லை. ஆக்சிஜன் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். நான் போட்ட அந்த 20 மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு சரி. உடம்புக்குள் கேடு தொடங்கினால் பல சமயம் பி.பி. இறங்குவதற்கு முன்பே மூச்சு ஏறிவிடும். அதை எண்ண மிஷின் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். ஆனால் “உங்க மூச்சை எண்ணப் போறேன்” என்று சொல்லிவிடாதே. சொன்னதுமே மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரியே மணிக்கட்டைப் பிடித்துக்கொள். நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார். ஏறி இறங்கினால் ஒன்று. முழு 60 விநாடி எண்ணு. குழந்தைக்குக் கணக்கு வேறு: ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே டாக்டரிடம் ஓடு.

நாடியைக் கட்டைவிரலால் பார்க்காதே, உன் நாடியே உனக்குத் தெரியும். மார்கழிக் குளிரில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடு. மாடிப்படி ஏறி வந்தவருக்கு அந்த நிமிஷமே பி.பி. பட்டையைச் சுற்றாதே. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரட்டும், கால்மேல் கால் வேண்டாம், பேச்சும் வேண்டாம். பெயரையும் நீ சொல்லி “நீங்கதானே?” என்று கேட்காதே. காது கேட்காத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னம்மா?” என்று கேள். அவர் வாயால் வரட்டும்.

கையைப் பற்றி இவ்வளவு சொல்ல ஒரு காரணம் உண்டு. நாம் இருக்கிற பெங்களூர் பிரேசர் டவுனே ஒரு நோய்க்குப் பிறகு பிறந்த ஊர். 1898இல் பெங்களூரில் பிளேக் வந்தது. நெருக்கியடித்துக் கிடந்த கன்டோன்மென்ட் பேட்டைகளிலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவர, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அகலமான தெருக்களோடு இதைக் கட்டினார்கள். பிளேக் முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் நோயாளியை வீட்டுக்குள் ஒளித்து வைத்த காலம் அது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பயம் இன்றும் இருக்கிறது. தமிழ், உருது, கன்னடம் என்று எந்த மொழியில் பேசினாலும், வருகிறவருக்கு முதலில் தெரிவது உன் கைதான். அந்தக் கை அவசரப்பட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

வேலை அதிகம், ஆள் குறைவு என்று சொல்வீர்கள். உண்மைதான், எனக்கும் அப்படித்தான் இருந்தது. எண்ண நேரமில்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது வந்து எண்ணுவார்கள். பொய்யாக ஒரு 20 இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

நாளைக்கு டியூட்டிக்குப் போகும்போது, விநாடி முள் ஓடுகிற வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள், கண்ணுகளா.