கப்பல் திரும்பி வரும் வரை

"எட்டு மணி நேரத்தில் விமானம் கொண்டுபோய் விடுகிற ஊருக்கு ஏழு நாள் கப்பலிலா?" என்று என் நாட்டுப்பெண் கேட்டபோது எனக்கே பதில் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆசைப்பட்டுச் செய்த காரியமல்ல அது. இவருடைய கண் செய்த வேலை.

இங்கிலாந்தில் பிள்ளை வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு, அங்கிருந்து அமெரிக்கா போய் அக்கா வீட்டில் அத்திம்பேருடைய சதாபிஷேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. விசா, டிக்கெட் எல்லாம் தயார். வந்த மூன்றாம் நாள் இவருக்கு ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் ஆகிவிட்டது. விழித்திரை பிரிந்துவிட்டதாம். உடனே ஆபரேஷன். பிரிந்த திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒருவித வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயு கரைகிற வரைக்கும் விமானத்தில் ஏறக்கூடாது. உயரே போகப் போக விமானத்துக்குள் காற்றின் அழுத்தம் குறையுமல்லவா? அப்போது கண்ணுக்குள் இருக்கும் வாயு விரிந்து, பார்வையையே கெடுத்துவிடக்கூடும். சில வாயு இரண்டு மூன்று வாரத்தில் கரையுமாம். இவருக்கு வைத்ததோ இரண்டு மாதம் பிடிக்கும் ரகம். சதாபிஷேகத்துக்கு இருந்தது ஐந்து வாரம்.

"நீ மட்டும் போய்விட்டு வா" என்றார் இவர். அக்காவைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆயிற்று. முழங்கால் வலியால் அவள் இனி இந்தியாவுக்கு வருவது நடவாத காரியம். ஆனாலும், கண்ணில் கட்டுப் போட்டிருக்கிற மனுஷரை விட்டுவிட்டுப் போய் நின்றால், "அவர் எங்கேடி?" என்றுதானே முதல் கேள்வி கேட்பாள்? இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டரிடமே, "கப்பலில் போகலாமா?" என்றேன். "கடல் மட்டத்தில்தானே போகிறீர்கள்? தாராளமாக" என்று சிரித்தார்.

அட்லாண்டிக்கில் இன்னும் பிரயாணிக் கப்பல் ஓடுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். 1958-ல் ஜெட் விமானம் அந்தக் கடலைத் தாண்ட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு கப்பலாக ஓய்வு பெற்றது உண்மைதான். பழைய குவீன் மேரி 1967-ல் கலிபோர்னியாவில் லாங் பீச் துறைமுகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பெயரைத் தாங்கி 2004-ல் ஓடத் தொடங்கிய குவீன் மேரி 2 மாத்திரம் இன்றும் இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து நியூயார்க்குக்கு, பழைய காலத்துக் கப்பல்களைப்போல் அட்டவணை போட்டுக்கொண்டு போய் வருகிறது. நீளம் 345 மீட்டர். ஊர் சுற்றிக் காட்டும் உல்லாசக் கப்பல்களைப்போல அல்லாமல், அட்லாண்டிக் அலைகளுக்கென்றே ஆழமான அடிப்பாகத்துடன் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பட்டது.

போவது சரி, திரும்புவது எப்படி? இங்கேதான் நான் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தேன். டிக்கெட் கம்பெனிப் பெண், "இரண்டு பிரயாணத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அறையைக்கூடக் காலி செய்ய வேண்டாம்" என்று ஆசை காட்டினாள். விசாரித்தால், கப்பல் விடியற்காலையில் நியூயார்க் சேர்ந்து அன்று சாயங்காலமே திரும்பப் புறப்பட்டுவிடுகிறது! கப்பலிலேயே திரும்புகிறவர்கள்கூடக் குடிநுழைவு அதிகாரிகளிடம் பாஸ்போர்ட்டைக் காட்டித் தீரவேண்டும். அது முடிந்து வெளியே வந்து, ஒரு காபி குடித்து, சுதந்திர தேவி சிலையை எட்ட நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். பதினோரு வருஷத்துக்கு அது போதுமா?

அந்தக் கப்பலை விட்டுவிட்டால்? அது ஏழு நாளில் சவுத்தாம்டன் போய், அங்கும் அன்றைக்கே திரும்பி, இன்னும் ஏழு நாளில் நியூயார்க் வந்து சேரும். ஆகப் பதினான்கு நாள். எனக்கு வேண்டியது சரியாக அதுதான். ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் ஒத்துவராது. கப்பல் சில சமயம் நியூயார்க்கிலிருந்து கரீபியன் தீவுகளுக்கோ கனடாப் பக்கமோ சுற்றப் போய்விடும். குளிர்காலத்தில் மாதக் கணக்காக உலகப் பிரயாணம் வேறு. ஆகவே பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அந்த வருஷத்து அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். விசேஷத்துக்கு முதல் நாள் கரை சேரும்படி ஏற்பாடு செய்யவே கூடாது. கடலில் புயல் என்றால் தாமதம்தான். நான் நான்கு நாள் மிச்சம் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நம் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். கப்பலில் போனால் சலுகை எதுவும் கிடையாது. திரும்பி வரும்போது இங்கிலாந்துக்குள் மறுபடி நுழைய வேண்டியிருப்பதால், அந்த விசா பல தடவை நுழைய அனுமதிப்பதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. பிள்ளைதான் பார்த்தான்.

கப்பலில் எனக்குக் கிடைத்த பெரிய சௌகரியம், விமானத்தைப்போல் பெட்டியைத் தராசில் ஏற்றிக் கிலோக் கணக்குப் பார்க்காததுதான். அம்மாவின் வெண்கல உருளியைச் சென்னையிலிருந்து எப்படியோ லண்டன் வரை கொண்டுவந்திருந்தேன். அதற்குப் பிராயச்சித்தமாக என் புடவைகளில் பாதி ஊரிலேயே நின்றுவிட்டது. இப்போது உருளிக்குத் தனிப் பெட்டி!

அறை வாங்கும்போது கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பாகமாகப் பார்த்து வாங்கினோம். அங்கேதான் ஆட்டம் குறைவு. அப்படியும் மூன்றாம் நாள் சுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. எனக்குத்தான்; கண் ஆபரேஷன் ஆனவர் இட்டலிக்கு ஏங்கிக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார். இட்டலி இல்லை. முதல் நாளே சைவம் என்று சொல்லிவைத்ததில் பருப்பும் சாதமும் கறியும் தினம் வந்தன. மாலை நாலு மணிக்கு வெள்ளைக் கையுறை போட்ட பரிசாரகர்கள் வரிசையாக வந்து தேநீர் ஊற்றுவார்கள். என் பெண் கல்யாணத்தில்கூட யாரும் எனக்கு இப்படிப் பரிமாறியதில்லை.

மேற்கே போகும்போது ஐந்து ராத்திரி கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நாளுக்கு இருபத்தைந்து மணி! தூங்கி எழுந்தும் இன்னும் இருட்டு. இவர் அந்த ஒரு மணி நேரத்தையும் காபி எப்போது வரும் என்று கேட்பதிலேயே செலவழித்தார். திரும்பும்போது கடன் கொடுத்தவன் மாதிரி அத்தனையையும் பிடுங்கிக்கொண்டார்கள். விமானத்தில் வந்தால் ஒரு வாரம் தலை சுற்றுமே, அது மட்டும் இல்லை.

தளத்தில் மூன்று சுற்று நடந்தால் ஒரு மைலுக்கு மேல் ஆகும். நடுக்கடலில் ஒரு பகல் முழுவதும் மூடுபனி. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கப்பல் விட்டு விட்டு ஊதிக்கொண்டே போயிற்று. இதன் ஊதுகுழல்களில் ஒன்று பழைய குவீன் மேரியில் இருந்ததாம். பத்து மைல் தூரம் கேட்குமாம். 1912-ல் டைட்டானிக் மூழ்கியது இந்தப் பக்கத்துக் கடலில்தான் என்று யாரோ சொன்னார்கள். அன்று ராத்திரி சகஸ்ரநாமம் இரண்டு தரம் சொன்னேன்.

கடைசி நாள் விடியுமுன்னே எழுப்பிவிட்டார்கள். குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேல் தளத்தில் நின்றோம். வெரஸானோ பாலம் விளக்குச் சரமாக நெருங்கி வந்தது. புகைபோக்கி இடித்துவிடப்போகிறதே என்று என்னையறியாமல் தலையைக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மாளும் குனிந்தாள்! பிறகு இருவரும் சிரித்தோம். இடப்பக்கம் சுதந்திர தேவி. கப்பல் புரூக்ளினில் ரெட் ஹூக் என்னுமிடத்தில் கட்டி நின்றது. அக்கா பிள்ளை கார் கொண்டுவந்திருந்தான்.

எடிசன் ஊரில் அக்கா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்றாள், முடியவில்லை. நான் உருளியை அவள் மடியில் வைத்தேன். விளிம்பில் அம்மா பெயர் வெட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகுதான், "அவர் கண் எப்படியிருக்கு?" என்றாள்.

சதாபிஷேகம் நன்றாக நடந்தது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு மறுநாள் போனோம். 1977-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். அடித்தளத்தில் உள்ள போஜனசாலையில் தோசை. இவருடைய இட்டலி ஏக்கமும் அங்கேதான் தீர்ந்தது. மற்றபடி நான் நியூயார்க்கில் பார்த்தது குறைவு. எல்லிஸ் தீவுக்கு ஒரு நாள். வந்திறங்கிய லட்சக்கணக்கான பேர் 1900 முதல் மூட்டை முடிச்சுகளோடு காத்து நின்ற பெரிய கூடம். மீதி நாளெல்லாம் அக்காவின் சமையலறையில்தான். பத்து நாளைக்கு உருளியில் பாயசம், பொங்கல், அரிசி உப்புமா. சண்டையும் உண்டு. பெருங்காயம் எவ்வளவு என்று.

புறப்படும் நாள், துறைமுகத்துக்குள் வழியனுப்ப விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே விடை சொல்லிவிட்டோம். சாயங்காலம் கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது இவருடைய கைபேசி அடித்தது. அக்கா பிள்ளை. பக்கத்தில் ஒரு சிறு பூங்காவும் படகுத்துறையும் இருக்கிறதாம். அங்கே அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருக்கிறானாம். போனை அக்கா வாங்கிக்கொண்டாள்.

"தெரியறதாடி? மாம்பழக் கலர்ப் புடவை."

எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கண்ணில் இன்னும் வாயு மிதந்துகொண்டிருந்த இவர்தான் என் கையைப் பிடித்து அந்தத் திசைக்கு நீட்டி, "அதோ, அந்த மஞ்சள் புள்ளி" என்றார்.