நிரையும் நிரலும்

ஓசூர், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் எல்லையூர். அவ்வூர்ச் சிப்காட் பேட்டையிலே, இரும்புத் தண்டுகள் கடையும் சிறு தொழிற்சாலையொன்றில், அளவு சோதிக்கும் பணியில் யான் அமர்ந்துள்ளேன். கல்லூரியிற் பயிலும் கணிதம் பிற்காலத்து எதற்கு உதவுமென ஐயுறும் இளைய மாணவர்க்கு, ஆங்கு யான் கண்டதொன்றை உரைக்க விழைகின்றேன்.

மேட்ரிக்ஸ் எனச் சில்வெஸ்டர் 1850-இல் பெயரிட்டதனை நம் பாடநூல்கள் அணி என்று வழங்கும். அதன்கண் கிடையாய்ச் செல்வது நிரை. நெடுக்காய் நிற்பது நிரல்.

எங்கள் கூடத்தில் நான்கு கடைசல் இயந்திரங்கள் உள. மணிக்கொருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு தண்டை எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்து, குறித்த அளவினும் மிகுந்ததனை மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்குகளாக எழுதுவர். ஒருநாள் இரண்டு முறை அளந்த குறிப்பு இது: 1, 7, 2, 1, 2, 8, 1, 2. முன் நான்கும் முதன்முறைக்குரியன. பின் நான்கும் இரண்டாம் முறைக்குரியன.

இவ்வெட்டையும் இரு நிரையும் நான்கு நிரலுமாக அமைக்குமாறு ஒருவர் கணிப்பொறிக்கு ஆணையிட்டார். வந்த அணியில் முதல் நிரலில் 1, 7 என்றும், இரண்டாவதில் 2, 1 என்றும், மூன்றாவதில் 2, 8 என்றும், நான்காவதில் 1, 2 என்றும் நின்றன. முதலாம், மூன்றாம் இயந்திரங்களே குற்றமுடையன என்று முடிவாயிற்று. முதல் இயந்திரத்தை இயக்குபவர் ஒப்பந்தக் கூலிக்கு வரும் இளைஞர். அவரை மறுநாள் முதல் வரவேண்டா எனச் சொல்லிவிடலாமென்ற பேச்சும் எழுந்தது.

யான் மூலக் குறிப்பேட்டை வாங்கி நோக்கினேன். அதிற் கூட்டுத்தொகை 24, அணியிலும் 24. ஆதலின் கூட்டிச் சரிபார்த்தோர் பிழை காணாதது வியப்பன்று. எண்கள் மாறவில்லை, அவற்றின் இடங்களே மாறியிருந்தன. அவர் கையாண்ட ஆர் என்னும் கணிப்பொறி மொழி, வேறு சொல்லாவிடின், ஒவ்வொரு நிரலையும் மேலிருந்து கீழாக நிரப்பிச் செல்லும். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானும் எண்களை அவ்வாறே அடுக்கும். பைத்தானின் நம்பை நூலகமோ, நாம் ஏடு வாசிப்பதுபோல நிரையை இடமிருந்து வலமாக நிரப்பும். இரண்டும் ஏற்புடைய வழக்கங்களே. எழுதியவர் கொண்ட வரிசை எதுவென அறிந்து ஆணையிடுதலே வேண்டுவது.

நிரைவழி நிரப்புக என்னும் ஆணையைச் சேர்த்து மீண்டும் இயக்கினோம். 7-உம் 8-உம் இரண்டாம் நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாய் வந்து நின்றன. சென்று பார்த்தபோது, இரண்டாம் இயந்திரத்தின் வெட்டுளி தேய்ந்திருந்தது. அதனை மாற்றினர், இளைஞர் தம் பணியில் நிலைத்தார்.

எங்கள் கூடத்தார் பேசும் மூன்று மொழிகளும் இடமிருந்து வலமாகவே எழுதப்படுவன. ஆகவே தம் வரிசையை விளக்க வேண்டுமென்று குறிப்பு எழுதியவர்க்குத் தோன்றவில்லை. பொறிக்கோ அவ்வழக்கம் தெரியாது. இப்போது ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் மணியும் இயந்திரத்தின் எண்ணும் குறிக்கப்படுகின்றன.

மாணவ நண்பர்காள்! அணிகளைக் கூட்டவும் பெருக்கவும் தேர்வுக்காகப் பயில்கின்றீர்கள். எண்களை அணியாக்குமுன், இவற்றை யாவர் எவ்வரிசையில் எழுதினர் என வினவவும் பயிலுங்கள். தேர்வுத்தாளில் அவ்வினா வாராது போகலாம். ஒருவருடைய பிழைப்பு அதனைச் சார்ந்து நிற்கும் நாள் வரும்.