போரோதினும் அவர் மனைவியும்

சில நாட்களாக இரவில் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் போரோதினின் இரண்டாவது நால்வாத்திய இசைதான் எனக்குத் துணை. பீட்டர்ஸ்பர்க்கில் தான் மருத்துவம் படித்த கல்லூரியிலேயே வேதியியல் பேராசிரியரானவர் அவர். அந்த வேலைக்கு நடுவே, உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தால்தான் இசை எழுத நேரம் கிடைக்கும். அதனால் நண்பர்கள் அவருக்கு நோய் வரட்டும் என்று வாழ்த்துவார்களாம்!

1861இல் ஹைடல்பெர்க்கில் பியானோக் கலைஞர் எகத்தெரீனாவைச் சந்தித்தார். பின்பு மணந்தார். மூச்சிரைப்பால் அவதிப்பட்ட அந்த மனைவிக்கே 1881இல் இந்த இசையைச் சமர்ப்பித்தார். மூன்றாம் பகுதியில் செல்லோ பாட, வயலின் அதையே வாங்கிப் பாடுவதைக் கேளுங்கள். சந்தித்து இருபது வருடம் கழித்தும் எத்தனை கனிவு!

பெண்கள் மருத்துவம் படிக்கவும் பாடுபட்டார். அதற்காகவும் அவரை நேசிக்கிறேன். 'இளவரசர் ஈகோர்' ஓபராவை முடிக்காமலே 1887இல் போய்விட்டார். இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் அதை முடித்துக்கொடுத்தார்கள்.