அச்சுப் புள்ளிகளின் சாட்சியம்

சேகரிப்பு அட்டைகளில் போலியைப் பிடிக்கும் வேலை படத்தில் தொடங்குவதில்லை, அச்சில் தொடங்குகிறது. படத்தை எந்த ஸ்கேனரும் நகலெடுத்துவிடும். அது அச்சான முறையை நகலெடுப்பதுதான் கடினம்.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட்டின் அட்டைகளை முதலில் அச்சிட்டது பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி நிறுவனம். அந்த முதல் பதிப்பின் ‘பிளாக் லோட்டஸ்’ அட்டை இன்று லட்சக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. போலிகள் பெருக அந்த விலையே போதும்.

பரிசோதகரின் முதல் கருவி, நகைத் தொழிலாளர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ். ஆஃப்செட் அச்சில் நான்கு மைகளின் புள்ளிகள் வெவ்வேறு கோணத்தில் விழுவதால், அவை நுண்ணிய பூ வடிவங்களாகச் சேர்ந்து தெரியும். அசல் அட்டையின் எழுத்துகள் தனிக் கறுப்புத் தட்டில் அச்சானவை. ஓரம் சிதறாமல் முழுக் கறுப்பாக நிற்கும். ஸ்கேன் செய்த போலியில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து வண்ணப் புள்ளிகளாக உடைந்துவிடும். மேஜிக் அட்டையின் பின்புறம் உள்ள பச்சை வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ‘எல்’ எழுத்து வடிவில் இருக்கும். அந்த நான்கு புள்ளிகளில் தோற்றுப்போன போலிகள் ஏராளம்.

அடுத்தது வெளிச்சம். அசல் அட்டையின் இரு காகிதங்களுக்கு நடுவே மெல்லிய நீலப் படலம் உண்டு. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஒளி அளவாகக் கசியும். பல போலிகளில் ஒளி அடியோடு மறையும், அல்லது அளவுக்கு மீறிப் பாயும். கிழித்தால் நீலம் கண்ணுக்கே தெரியும். ஆனால் அட்டை அழிந்துவிடும் என்பதால் நல்ல பரிசோதகர் அதைச் செய்வதில்லை.

1909 முதல் 1911 வரை அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுக்கப்பட்ட ‘டி206’ பேஸ்பால் அட்டைகளுக்குப் புற ஊதா விளக்கு உதவுகிறது. காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனங்கள் அப்போது புழக்கத்தில் இல்லை. ஆகவே நீலமாக ஒளிரும் காகிதம் பிற்காலத்தது. ஒளிராததாலேயே ஒன்று அசல் ஆகிவிடாது. பழைய காகிதத்திலும் போலி அச்சிடலாம்.

முழுப் போலியைவிடக் கொடியது, அசலையே திருத்துவது. பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் படமுள்ள மிகப் புகழ்பெற்ற டி206 அட்டைக்கு 1991-இல் அட்டைகளைத் தரம்பிரிக்கும் பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்கு எட்டு என்று தரம் கொடுத்தது. அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியதை ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அங்கே மை, காகிதம், அச்சு எல்லாம் உண்மை. பொய் விளிம்பில் இருந்தது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அட்டையின் அளவையும் விளிம்பின் தேய்மானத்தையும் தனியே பார்க்கிறார்கள்.

விலையுயர்ந்த அட்டை வாங்க நினைப்பவர், அதே பதிப்பின் மலிவான அசல் அட்டை ஒன்றை முதலில் வாங்கி, லென்ஸின் கீழ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்கு மறுத்தால் வாங்காமல் விடுவதே நல்லது.