வெள்ளைகேட் சாலையில் ஒரு வீல் பட்டறை

காஞ்சிபுரத்துக்கு வரும் கார்கள் பட்டுக்காக வரும், வரதருக்காக வரும், காமாட்சிக்காக வரும். சக்கரத்துக்காகவே வரும் வண்டிகளும் உண்டு என்பதை வெள்ளைகேட் போகும் சாலையோரம் உள்ள ஒரு பட்டறையில்தான் பார்த்தேன். தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரோரம் டயர் கழற்றிச் சாய்த்து வைத்த அலாய் வீல்கள். மேஸ்திரிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்த குடும்பம். கூடவே இரண்டு இளைஞர்கள்.

"ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிங்க வந்ததும் எங்க தெரு பசங்க காலையில பஸ் ஏற ஆரம்பிச்சிட்டாங்க சார். நான் தறியை விட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன்" என்றார். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் வந்தது. புதுச் சக்கரம் பூட்டுவதற்கு அங்கே இயந்திரங்கள் இருக்கின்றன. நடைபாதைக் கல்லில் உரசி, பூச்சு பெயர்ந்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப்போன சக்கரம் இவரைப் போன்றவர்களிடம்தான் வந்து சேர்கிறது.

அந்த வெள்ளைப் பூப்புதான் அலாய் வீலின் முதல் நோய். அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் சேர்த்து வார்த்த உலோகம் இது. மேலே பூசிய கிளியர் கோட்டில் கல் பட்டு ஒரு புள்ளி திறந்தால் போதும், ஈரமும் உப்பும் உள்ளே போய்ப் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல அரித்துக்கொண்டே போகும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பழைய பூச்சை முழுக்க உரித்தாக வேண்டும்.

உரிப்பதற்குக் குறுக்கு வழிகள் பல. ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது அலுமினியத்தையே தின்று குழி போட்டுவிடும். கேஸ் டார்ச்சால் சுட்டு உரிப்பது அதைவிட மோசம். வார்த்தபின் கணக்கான சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய சக்கரம் அது. கண்டபடி சுட்டால் அந்த வலு இறங்கும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மேஸ்திரி இரண்டையும் தொடுவதில்லை. பிரஷ்ஷால் பெயிண்ட் ரிமூவரைத் தடவி, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் பூச்சு சுருங்கிப் பொங்கி எழுகிறது. அதை மரத் தகட்டால்தான் வழிக்கிறார். இரும்புத் தகடு பட்டால் கோடு விழும். ஸ்போக் இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ்.

பிறகுதான் கை வேலை. கல்லில் உரசிய ஓரத்தை அரத்தால் லேசாகச் சமன்செய்துவிட்டு, வாட்டர் பேப்பரை எடுக்கிறார்கள். 320ஆம் நம்பரில் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, கடைசியில் 2000. ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கோட்டை அழிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையை மாற்றுகிறார்கள். பழைய கோடு குறுக்கே நின்றால் கண்ணில் பட்டுவிடும். அவசரப்பட்டு 400இலிருந்து 1000க்குத் தாவினால் பளபளப்பு வரும், வெயிலில் நிறுத்தியதும் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். சாம்பல் நிறச் சேறு கையெல்லாம் வழிய, இளைஞர்களில் ஒருவர் ஒரே ஸ்போக்கில் வெகுநேரம் நின்றார். மேஸ்திரி அவரைத் துரிதப்படுத்தவே இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முடிவில் பாலிஷ் பசையும் பனியன் வேஸ்ட்டும். துணி கறுக்கக் கறுக்க உலோகம் வெளுக்கிறது. வேலை முடிந்ததா என்று பார்க்க மேஸ்திரி வீலை டியூப் லைட்டுக்கு அடியில் தூக்கிப் பிடிக்கிறார். அதில் தெரியும் விளக்கு கோணாமல் நேராக இருந்தால் சரி. எங்காவது நெளிந்தால் அந்த இடத்துக்கு மறுபடி 1000.

அவர் தொடாத இடங்களையும் சொல்ல வேண்டும். டயரின் விளிம்பு வந்து உட்காரும் பகுதியைத் தேய்த்தால் காற்று கசியும். போல்ட் உட்காரும் குழியில் புதுப் பூச்சு தடிமனாக விழுந்தால், பின்னால் அது நசுங்கி போல்ட் தளரும். விரிசல் கண்ட வீலைக் கையில் வாங்கவே மாட்டார். "பளபளன்னு இருந்து என்ன சார், ரோட்ல ஒடைஞ்சா?" என்றார்.

வேகமாக ஓடும் பஃபிங் மெஷின் ஒன்றும் அங்கே உண்டு. கடைசி மெருகுக்கு மட்டும் அதை ஓட்டுகிறார்கள். இது நல்லதற்கே. அலுமினியத் தூள் காற்றில் பரவினால் வெடிக்கக்கூடும். சீனாவின் குன்ஷான் நகரில் கார் சக்கரங்களுக்கு மெருகேற்றிய ஆலையில் 2014 ஆகஸ்ட் 2 அன்று காலை அதுதான் நடந்தது. சேகரிப்புத் தொட்டியில் ஈரம் பட்ட தூள் சூடேறித் தீப்பிடித்து, அரங்கமே வெடித்தது; 146 பேர் இறந்தார்கள். தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்கும்போது தூள் பறப்பதில்லை, சேறாக ஓடிவிடுகிறது. அந்தச் சேற்றையும் மூடிய டப்பாவில் சேர்த்து வைக்கக் கூடாது. ஈர அலுமினியத் தூள் ஹைட்ரஜனை வெளிவிடும்.

நான் கவலையோடு பார்த்தது ரிமூவர் டப்பாவைத்தான். ரிமூவர்களில் பலவற்றின் முக்கியப் பொருள் மெத்திலீன் குளோரைடு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து வேலை செய்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனதை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, அளவு மீறினால் மரணம். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இந்த மருந்தால் உரித்தவர்களில் 13 பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே 2019இல் பொதுமக்களுக்கு இந்த ரிமூவரை விற்பது தடைசெய்யப்பட்டது. 2024இல் தடை இன்னும் விரிந்தது. முகத்தில் கட்டிய கைக்குட்டையும் சாதாரண ரப்பர் கையுறையும் இதைத் தடுக்காது.

நம் சட்டமும் இந்தத் தகரக் கூரைக்குள் வருவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 2020இல் வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. மூன்று பேர் பட்டறை எந்தக் கணக்கிலும் இல்லை. மேஸ்திரி தாமாகவே ரிமூவர் வேலையை வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். "உள்ள வெச்சா தலை சுத்துது சார்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். மழைக்காலத்தில் மறுபடி கூரைக்குள் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் வீலை இப்படி ஒரு பட்டறையில் கொடுக்கும்போது, நாளைக்கே முகூர்த்தம் என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒரு வீலுக்கு ஒரு முழு நாள் ஆகும் என்றால் அந்த நாளைக் கொடுங்கள். எந்த ரிமூவர், எங்கே வைத்து உரிக்கிறீர்கள் என்று கேளுங்கள்; மெத்திலீன் குளோரைடு இல்லாதது மெதுவாக வேலை செய்தாலும் அதையே போடச் சொல்லுங்கள். கூலியில் பேரம் பேசாமல், அந்த விலை வித்தியாசத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.